67 ஆசியா: சென்னையிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோளின் பாதையும் பெயரும்

பதிவு 1 | நுங்கம்பாக்கம்வாசி

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் பழைய கருங்கல் தூண் ஒன்று இன்னமும் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அங்கே எழுப்பிய வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. பிற்காலத்தவர் அறிந்துகொள்ளட்டும் என்று தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதன்மேல் எழுத்துப் பொறித்து வைத்தார்கள். தொலைநோக்கிகள் அங்கிருந்து போய்விட்டன, வானாய்வுப் பணியும் 1899-ஐ ஒட்டிக் கொடைக்கானலுக்கு மாறிவிட்டது. ஆனால் அந்த வளாகத்திலிருந்து 1861 ஏப்ரல் 17 அன்று கண்டறியப்பட்ட ஒரு பொருள், இப்போதும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் 67 ஆசியா.

கண்டறிந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1829-இல் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டு ராட்கிளிஃப் வானாய்வகத்தில் பணிபுரிந்தபோதே ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா என்ற மூன்று சிறுகோள்களைக் கண்டிருந்தார். 1861-இன் தொடக்கத்தில் அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்து பொறுப்பேற்ற அவர், அந்த ஆண்டின் கோடை முற்றுவதற்குள் நான்காவது சிறுகோளைக் கண்டுவிட்டார். புதிய ஊர், புதிய வானம், பழகாத கருவிகள் என்ற நிலையில் இரண்டு மூன்று மாதங்களுக்குள் இப்படிச் செய்வதற்கு எத்தகைய பயிற்சி இருந்திருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

இந்தச் சிறுகோளைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால், "கிரேக்கப் புராணத்துப் பெண் தெய்வம் ஒன்றின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் இது என்பதையும் குறிக்கவே போக்சன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே இந்தப் பெயர், தான் கண்டறியப்பட்ட இடத்தைத் தன்னுள் பதித்து வைத்திருக்கும் ஓர் ஆவணம் என்பது என் கருத்து. இதன் பாதை, கண்டறிந்த முறை, பெயர் ஆகிய மூன்றையும் பற்றி உறுப்பினர்கள் தாம் அறிந்தவற்றை இங்கே எழுத வேண்டுகிறேன்.

பதிவு 2 | மதுரை மாணவி

வணக்கம் ஐயா. நான் இளங்கலை இயற்பியல் படிக்கிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனும் ஒரே மாதிரி ஒளிப்புள்ளியாகத்தானே தெரியும்? புகைப்படத் தட்டுகூடப் பயன்பாட்டுக்கு வராத அந்தக் காலத்தில், ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே இது மட்டும் விண்மீன் இல்லை என்று ஒருவர் எப்படி உறுதி செய்தார்? அடுத்து, பெயருக்கு முன்னால் உள்ள 67 என்ற எண் எதைக் குறிக்கிறது?

பதிவு 3 | சித்திரைமீன்

இரண்டாவது ஐயத்துக்கான விடை சிறியது. 1801 சனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் பியாத்சி கண்ட சீரிஸுக்கு 1 என்ற எண்ணும், அதன்பின் வந்தவற்றுக்கு அடுத்தடுத்த எண்களும் கிடைத்தன. தொடக்கத்தில் கோள்களுக்கு உள்ளதைப் போல ஒவ்வொரு சிறுகோளுக்கும் ஒரு குறியீடு வரைந்தார்கள். எண்ணிக்கை பெருகப் பெருக அந்தக் குறியீடுகளை நினைவில் வைத்திருப்பதே பெரும் சுமையாகிவிட்டதால், 1850-களில் வட்டத்துக்குள் எண்ணை எழுதும் வழக்கம் வந்தது. ஆசியா அந்த வரிசையில் 67-ஆவது.

முதல் ஐயம் ஆழமானது. நீங்கள் சொல்வது சரி. ஒரு கணம் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைக் காட்டுவது நகர்வு மட்டுமே. அன்றைய வானியலாளர் சூரியவீதியை (வானில் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையை) ஒட்டிய வானப் பகுதியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மங்கலான விண்மீன்கள் அனைத்தையும் வரைபடத்தில் குறித்து வைத்திருப்பார். பெர்லின் அறிவியல் கழகத்தின் முயற்சியால் உருவான விண்மீன் வரைபடங்கள் இதற்குப் பெருந்துணையாக இருந்தன; படம் இல்லாத பகுதிகளுக்கு நோக்குநரே படம் வரைந்துகொண்டார். பிறகு தெளிவான இரவுகளில் அதே கட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதேனும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அப்படி ஒன்று தென்பட்டால் அருகிலுள்ள விண்மீன்களிலிருந்து அதன் இடத்தை அளந்துகொண்டு, சில மணி நேரம் கழித்தும் மறுநாள் இரவிலும் மீண்டும் அளப்பார்கள்.

ஆசியாவைப் போன்ற தொலைவில் உள்ள ஒரு சிறுகோள், சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கும் நாள்களில் ஓர் இரவுக்கு ஏறத்தாழ கால் பாகை நகரும். அது முழுநிலவின் அகலத்தில் பாதி. பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அதை முந்திச் செல்வதால் அந்த நகர்வு மேற்கு நோக்கி, அதாவது நம் பஞ்சாங்கம் சொல்லும் வக்கிரகதியில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 37 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்பது கண்ணுக்கு உடனே பிடிபடாது. ஆனால் பொறுமையோடு அளப்பவருக்கு அது தப்பாது.

இந்த முறைக்கு முடிவு வந்த ஆண்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1891 டிசம்பரில் ஜெர்மனியின் மாக்ஸ் வொல்ஃப் புகைப்படத் தட்டின் உதவியால் முதன்முதலாக ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். அதே 1891-இன் சூன் மாதத்தில்தான் போக்சன் சென்னையில் காலமானார்.

பதிவு 4 | கோவை தொலைநோக்கி

சித்திரைமீன் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். இந்தத் தேடலுக்குச் சென்னையின் இருப்பிடம் எவ்வளவு பொருத்தமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சிறுகோள்கள் பெரும்பாலும் சூரியவீதியை ஒட்டியே இருக்கின்றன. சூன் மாத நள்ளிரவில் சூரியவீதியின் எதிர்ப்புறப் பகுதி வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் அமையும் கோட்டுக்கு)த் தெற்கே 23 பாகை அளவில் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் அகலாங்கு ஏறத்தாழ 52 பாகை என்பதால், அங்கிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பகுதி தொடுவானத்திலிருந்து 15 பாகை உயரத்தைத் தாண்டாது. அந்த உயரத்தில் காற்று மண்டலத்தின் தடிமன் மங்கலான புள்ளிகளை விழுங்கிவிடும். இங்கிலாந்தின் கோடை இரவுகள் குறுகியவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 13 பாகை அகலாங்கில் உள்ள சென்னையிலோ, அதே பகுதி 54 பாகை உயரத்துக்கு ஏறி நிற்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் சூரியவீதி நமக்கு உயரமாகவே கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களை விட்டுவிட்டால் தேடலுக்கு உகந்த இரவுகள் நிறைய உண்டு.

போக்சன் சென்னையிலிருந்து கண்டறிந்த ஐந்து சிறுகோள்களின் தேதிகளைப் பாருங்கள். ஆசியா 1861 ஏப்ரல், சாஃபோ 1864 மே, சில்வியா 1866 மே, கமில்லா 1868 நவம்பர், வேரா 1885 பிப்ரவரி. ஐந்தில் மூன்று சித்திரை, வைகாசி மாதங்களில் வருகின்றன. ஐந்தே எண்களை வைத்துக்கொண்டு விதி வகுப்பது முறையன்று. ஆயினும் சென்னை வானத்தை அறிந்தவர்களுக்கு அந்த மாதங்களின் தெளிவு நன்றாகத் தெரியும்.

இன்னொரு செய்தியும் இந்த இழைக்குப் பொருந்தும். விண்மீன்களின் பொலிவை எண்ணால் குறிக்கும் இன்றைய முறையை 1856-இல் வரையறுத்தவர் இதே போக்சன்தான். பொலிவெண் 5 கூடினால் ஒளி சரியாக நூறில் ஒரு பங்காகும், ஆகவே ஒரு பொலிவெண்ணுக்கு 2.512 மடங்கு வேறுபாடு என்பது அவர் முன்வைத்த விகிதம். 36 சிறுகோள்கள் 1857-ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பொலிவோடு தெரியும் என்று கணித்துத் தருவதற்காக எழுதிய கட்டுரையில்தான் அந்த விகிதம் இடம்பெற்றது. உலகமே இன்று பயன்படுத்தும் ஓர் அளவுகோல் சிறுகோள்களை முன்னிட்டுப் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்தமான செய்தி.

பதிவு 5 | சித்திரைமீன்

நன்றி, கோவை நண்பரே. பாதையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் நானே தொடங்குகிறேன்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவை ஒரு வானியல் அலகு என்று கொண்டால், ஆசியாவுடைய நீள்வட்டப் பாதையின் அரைநெட்டச்சு, அதாவது அதன் நீண்ட குறுக்களவில் பாதி, ஏறத்தாழ 2.42 அலகு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இந்த எண்ணை மும்மடிப் பெருக்கி இருமடி மூலம் எடுத்தால் 3.77 ஆண்டு வருகிறது. அதுவே இது சூரியனை ஒருமுறை சுற்றி வரும் காலம். பாதையின் மையப்பிறழ்ச்சி (வட்டத்திலிருந்து அது எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்ற அளவு) 0.185 அளவில் இருப்பதால், சூரியனுக்கு மிக அண்மையில் வரும்போது 1.97 அலகும் மிகத் தொலைவில் போகும்போது 2.87 அலகும் இருக்கிறது. பூமியின் பாதைத் தளத்துக்கு இது 6 பாகை சாய்ந்திருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தன்னைத்தானே சுற்ற 16 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. நிறமாலையைக் கொண்டு பார்த்தால் சிலிக்கேட் கற்கள் நிறைந்த கல் வகையைச் சேர்ந்தது.

அண்மைநிலைக்கும் சேய்மைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை வெறும் எண்ணாகக் கடந்துபோக வேண்டாம். அண்மைநிலையில் இருக்கும்போது அது நமக்கு எதிர்நிலையில், அதாவது சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் வந்தால், நமக்கும் அதற்கும் இடையே ஒரு வானியல் அலகுக்கும் குறைவான தொலைவே இருக்கும். அப்போது பொலிவெண் 10-க்கு அருகே வரும். சேய்மைநிலையில் எதிர்நிலை நேர்ந்தால் பொலிவெண் 12 வரை மங்கிவிடும். எந்த நிலையிலும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. எதிர்நிலைகள் ஏறத்தாழ 16 மாதங்களுக்கு ஒருமுறை நிகழ்கின்றன.

வேறொரு சிறப்பும் உண்டு. செவ்வாய் சூரியனைச் சுற்ற 687 நாள்கள் ஆகின்றன. அதன் இரு மடங்கு 1374 நாள்கள். ஆசியாவின் சுற்றுக்காலம் 1375 நாள்களை ஒட்டியது. செவ்வாய் இரண்டு முறை சுற்றும்போது ஆசியா ஒருமுறை சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம்.

பதிவு 6 | மதுரை மாணவி

மிக்க நன்றி. இதைப் படித்ததும் வேறொரு குழப்பம் வந்துவிட்டது. சிறுகோள் பட்டையில் 2.5 வானியல் அலகு தொலைவில் கிர்க்வுட் இடைவெளி ஒன்று இருக்கிறது, வியாழனின் ஈர்ப்பு அங்கே சிறுகோள்களைத் தங்கவிடாது என்று எங்கள் பாடத்தில் வருகிறது. ஆசியாவோ 1.97 முதல் 2.87 வரை போய் வருகிறது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அந்த இடைவெளியைக் கடக்கிறதே! அப்படியானால் அது எப்படி இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது?

பதிவு 7 | ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

நல்ல கேள்வி, மகளே. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது; இடைவெளி என்ற சொல்லே அதற்குக் காரணம்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பேருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்குப் போகும் வண்டியும் மதுரைக்குப் போகும் வண்டியும் விழுப்புரத்தைக் கடந்துதான் போகின்றன. விழுப்புரத்தோடு நின்றுவிடும் பேருந்து ஒன்றுகூட இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சேருமிடங்களின் பட்டியலில் விழுப்புரம் வெற்றிடமாக இருக்கும். ஆனால் விழுப்புரம் சாலையில் எந்த நேரமும் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். கிர்க்வுட் இடைவெளியும் அப்படித்தான். அது அரைநெட்டச்சுகளின் பட்டியலில் உள்ள வெற்றிடமே தவிர, விண்வெளியில் காலியாகக் கிடக்கும் வளையம் அன்று. ஏதேனும் ஒரு கணத்தில் எல்லாச் சிறுகோள்களின் இடங்களையும் புள்ளியிட்டுப் பார்த்தால், 2.5 அலகிலும் ஏராளமான சிறுகோள்கள் இருக்கும்.

அரைநெட்டச்சு ஏன் முக்கியம் என்றால், சுற்றுக்காலத்தைத் தீர்மானிப்பது அதுதான். அரைநெட்டச்சு 2.5 அலகு உள்ள சிறுகோளின் சுற்றுக்காலம் 3.95 ஆண்டு; வியாழனின் 11.86 ஆண்டில் அது சரியாக மூன்றில் ஒரு பங்கு. அதனால் மூன்று சுற்றுக்கு ஒருமுறை பாதையின் அதே இடத்தில் வியாழனின் இழுப்பு விழுகிறது. ஊஞ்சலை அதன் வீச்சு முடியும் தருணம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போவதைப் போல, அந்தச் சிறுகோளின் மையப்பிறழ்ச்சி வளர்ந்து, ஒரு கட்டத்தில் அது செவ்வாயின் பாதையையே வெட்டத் தொடங்குகிறது. நாளடைவில் பட்டையிலிருந்து அகற்றப்படுகிறது. ஆசியாவின் சுற்றுக்காலம் 3.77 ஆண்டு என்பதால், வியாழனின் இழுப்பு ஒவ்வொரு முறையும் பாதையின் வேறு வேறு இடங்களில் விழுந்து பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது.

செவ்வாயோடு உள்ள இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சித்திரைமீன் குறிப்பிட்டார். செவ்வாயின் நிறை மிகச் சிறியது. வியாழனின் நிறை அதைப்போல் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு. ஆகவே அந்த விகிதத்துக்கு ஆசியாவின் பாதையைக் குலைக்கும் வலிமை கிடையாது.

காலவரிசையையும் கவனியுங்கள். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் டேனியல் கிர்க்வுட் இந்த வெற்றிடங்களை 1866-இல் எடுத்துக்காட்டியபோது, அறியப்பட்டிருந்த சிறுகோள்கள் 90-ஐ ஒட்டியவை மட்டுமே. அவ்வளவு குறைந்த தரவில் வெற்றிடத்தைக் கண்டுகொள்ள, ஒவ்வொரு சிறுகோளின் பாதையும் செம்மையாகக் கணிக்கப்பட்டிருக்க வேண்டும். சென்னையிலிருந்து கண்டறியப்பட்டவையும் அந்தத் தொகுப்பில் அடங்கும்.

பதிவு 8 | மதுரை மாணவி

பேருந்து எடுத்துக்காட்டால் முழுவதும் விளங்கிவிட்டது ஐயா. வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன். பெயரைப் பற்றி ஒரு சிறு கேள்வி: கண்டறிந்த இடத்தைக் குறிக்க வேண்டும் என்றால், மதராஸ் என்றே பெயர் வைத்திருக்கலாமே?

பதிவு 9 | நுங்கம்பாக்கம்வாசி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

அன்றைய வழக்கம் சிறுகோள்களுக்குக் கிரேக்க, உரோமானியப் புராணங்களிலிருந்து பெண் பெயர்களைச் சூட்டுவது. அந்த எல்லையை மீறியவர்களுக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1850-இல் லண்டனில் ஹிண்ட் தாம் கண்ட சிறுகோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது, அரசியின் பெயர் அது என்று அமெரிக்க வானியலாளர் சிலர் ஏற்க மறுத்து, கிளியோ என்ற வேறு பெயரைப் பயன்படுத்தினார்கள். உரோமானிய வெற்றித் தெய்வத்தின் பெயரும் அதுவே என்பதால்தான் விக்டோரியா தப்பியது. ஆசியாவுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்னர், 1861 மார்ச்சில் டெம்பெல் கண்ட 65-ஆவது சிறுகோளுக்கு பவேரிய மன்னர் மாக்சிமிலியனின் பெயரால் மாக்சிமிலியானா என்று பெயர் சூட்டினார்கள். அது எதிர்ப்புக்குள்ளாகி சிபெலி என்று மாற்றப்பட்டது.

இந்தச் சூழலில் மதராஸ் என்ற பெயர் நிலைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆசியா என்ற பெயரோ இரண்டு வாயில்களையும் திறக்கும் சாவியாக இருந்தது. கிரேக்கக் கவிஞர் எசியோடின் பாடலில் ஆசியா என்பவள் ஓசியானஸின் புதல்வியருள் ஒருத்தி. வேறு மரபுகளில் அவள் டைட்டன் இயாபெடஸின் மனைவி, பிரமிதியூஸின் தாய். கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசோ, பிரமிதியூஸின் மனைவியின் பெயரால் கண்டம் அப்பெயர் பெற்றது என்று கிரேக்கர் பலர் கூறுவதாகவும், லிடியர் அதை மறுத்துத் தம் குலத்தவர் ஒருவரின் பெயரைக் காரணம் காட்டுவதாகவும் எழுதிவைத்திருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் புராணப் பெயர் என்ற தகுதி அதற்கு உண்டு. அதே நேரத்தில் கண்டத்தின் பெயராகவும் நின்றது.

நம் இலக்கணத்தில் இதற்கு இரட்டுற மொழிதல் என்று பெயர். போக்சனுக்கு இந்த வகைப் பெயர் புதிதல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கண்ட 42 ஐசிஸ், எகிப்தியத் தெய்வத்தின் பெயர். அது அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸின் பெயரும்கூட. அந்த மகளே பின்னாளில் சென்னை வானாய்வகத்தில் தந்தைக்கு உதவியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

1861-இல் கண்டறியப்பட்ட பத்துச் சிறுகோள்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படுகிறது. பிப்ரவரியில் நேப்பிள்ஸில் தே காஸ்பாரிஸ் கண்டது அவுசோனியா. அது இத்தாலியின் தொன்மையான பெயர். ஏப்ரல் இறுதியில் மிலானில் ஸ்கியாபரெல்லி கண்டது எஸ்பெரியா. மேற்கு நிலம் என்று பொருள்படும் அதுவும் இத்தாலியைக் குறிக்கக் கிரேக்கர் பயன்படுத்திய பெயரே. இத்தாலி ஒரே நாடாக ஒன்றிணைந்த ஆண்டும் 1861தான். நிலத்தின் பெயரைச் செவ்வியல் ஆடை உடுத்தி வானத்தில் ஏற்றும் போக்கு அந்த ஆண்டில் ஓங்கியிருந்தது என்றும், ஆசியா என்ற பெயரும் அதன் ஒரு பகுதி என்றும் நான் கருதுகிறேன்.

பதிவு 10 | திருவான்மியூர் வாசகி

நுங்கம்பாக்கம்வாசியின் விளக்கத்தைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். போக்சன் தம் கண்டுபிடிப்பின் இடத்தைப் பெயரில் பதித்தார் என்பது சரி. ஆனால் அந்த இடத்தில் இரவு பகலாக உழைத்த உள்ளூர் உதவியாளர்களின் பெயர் எதுவும் அன்றைய சிறுகோள் பெயர்களில் ஏறவில்லை. சென்னை வானாய்வகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தவர். 1874-ஆம் ஆண்டு வெள்ளி சூரியனைக் கடந்து செல்லும் நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டவர். ஒரு கண்டத்தின் பெயரை வானில் ஏற்றியதைக் கொண்டாடும்போது, அந்தக் கண்டத்து மனிதர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பதிவு 11 | நுங்கம்பாக்கம்வாசி

முழுவதும் ஏற்கிறேன் அம்மா. என் முதல் பதிவிலேயே அவரைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அது என் குறையே. வானாய்வகம் என்பது ஒருவரின் கண்ணால் மட்டும் இயங்குவதில்லை. நேரத்தைக் குறிப்பவர், அளவுகளைக் கணக்கிடுபவர், படியெடுப்பவர் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஓர் இரவின் நோக்கைப் பயனுள்ளதாக ஆக்குகிறார்கள்.

பதிவு 12 | ஏலகிரி மலையடிவாரம்

ஆசியாதான் இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் சிறுகோள் என்று சில இடங்களில் தவறாக எழுதுகிறார்கள். இந்த இழையைப் படிப்பவர்களும் அப்படி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆசியா இந்தியாவிலிருந்து கண்டறியப்பட்டது, கண்டறிந்தவர் ஆங்கிலேயர். 1885-இல் வேராவைக் கண்ட பிறகு, நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி வந்துவிட்டது. எங்கள் பகுதியில், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். இராஜமோகன் கண்டறிந்த சிறுகோளே அந்த இடைவெளியை முடித்தது. அதற்குக் கணித மேதையின் பெயரால் 4130 இராமானுஜன் என்று பெயர் சூட்டப்பட்டது.

இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில் பெயரிடும் முறை எவ்வளவு மாறிவிட்டது என்பதையும் பார்க்கலாம். இன்று ஒரு சிறுகோளுக்கு முதலில் கிடைப்பது தற்காலிகக் குறியீடு மட்டுமே; கண்ட ஆண்டும், எந்த அரைமாதத்தில் கண்டார்கள் என்பதைச் சொல்லும் ஓர் எழுத்தும் அதில் இருக்கும். பல எதிர்நிலைகளில் நோக்கி, பாதை ஐயமற உறுதியான பின்னரே நிலையான எண் தரப்படும். அதன்பின் பத்து ஆண்டுகளுக்குள் பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தவருக்கு உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். பெயர் 16 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது, வணிகப் பெயர்கள் கூடாது, அரசியல் அல்லது போர் தொடர்பான மனிதர் என்றால் அவர் மறைந்து நூறாண்டு கடந்திருக்க வேண்டும். போக்சன் காலத்தில் சச்சரவுகளுக்கு இடமளித்த எழுதப்படாத வழக்கங்கள் இன்று எழுதப்பட்ட விதிகளாக மாறியிருக்கின்றன.

பதிவு 13 | கோவை தொலைநோக்கி

சென்னையில் கண்டறியப்பட்டவற்றுள் 87 சில்வியாவையும் மறந்துவிடக் கூடாது. உரோமை நிறுவியவர்கள் என்று புராணம் சொல்லும் இரட்டையரின் தாயான ரேயா சில்வியாவின் பெயர் அதற்கு. 2001-இல் அதற்கு ஒரு துணைக்கோளும், அடுத்து 2004-இல் எடுத்த படங்களிலிருந்து இன்னொரு துணைக்கோளும் கண்டறியப்பட்டபோது, ரோமுலஸ், ரீமஸ் என்று பிள்ளைகளின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. சில்வியா, ஆசியாவைப் போலன்றிப் பட்டையின் வெளி விளிம்பில், 3.48 வானியல் அலகில் சுற்றுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

பதிவு 14 | மதுரை மாணவி

இந்த இழை தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரியின் 8 அங்குலத் தொலைநோக்கியை மொட்டை மாடியில் வைத்து, பேராசிரியரின் உதவியோடு ஆசியாவைத் தேடினோம். கணினி தரும் படத்தைப் பார்த்து இதுதான் என்று முடிவு செய்யாமல், சித்திரைமீன் சொன்ன பழைய முறையிலேயே செய்து பார்க்க விரும்பினேன். முதல் இரவில், அது இருக்கக்கூடிய இடத்தைச் சுற்றித் தெரிந்த புள்ளிகள் அனைத்தையும் வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்தேன். மொத்தம் பத்தொன்பது. மறுநாள் மேகம். மூன்றாம் இரவில் அதே தாளை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினெட்டுப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்று அங்கே இல்லை. அதற்கு மேற்கே, நிலவின் அகலம் அளவு தள்ளி, முன்பு வரையாத ஒரு புள்ளி இருந்தது. இரண்டு இரவுக்கு அரைப் பாகை என்ற கணக்கு சரியாக வந்தது.

பதிவு 15 | ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திரு, மகளே. நோக்கிய நேரத்தையும் நாளையும் ஓரத்தில் எழுதிவிட்டாயா? இல்லையென்றால் இன்றே எழுதிவிடு. நேரம் தெரிந்த மூன்று இடங்கள் கிடைத்தால் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். 1801-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் சீரிஸுக்குச் செய்த வழி அது. உன்னிடம் இப்போது இரண்டு இருக்கின்றன. கூடுமானவரை சில வாரங்கள் இடைவெளி விட்டு மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு வா. கணக்கை இங்கேயே படிப்படியாகப் போடலாம்.